ஜெயித்துக்கொண்டே இருந்த இங்கிலாந்து நூறாண்டுப் போரில் தோற்றது எப்படி?

கேள்வி இது: "கிரெசி, புவாத்தியே, அஜின்கோர்ட் என்று நாம் கேள்விப்பட்ட பெரிய சண்டைகள் எல்லாவற்றிலும் ஆங்கிலேயர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள். அப்படியிருக்க நூறாண்டுப் போரின் முடிவில் பிரான்ஸ் வென்றது எப்படி? ஜோன் ஆஃப் ஆர்க் ஒருவரால் நடந்த மாற்றமா?"

போர்க்களத்துக்கு வந்த பிரெஞ்சு விவசாயி மகளான ஜோனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர் இறந்த பிறகும் 22 ஆண்டுகள் போர் நடந்திருக்கிறது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் ஆழமாகத் தேட வேண்டும். சண்டையில் ஜெயிப்பது ஒரு நாள் வேலை. பிடித்த ஊரைக் கையில் வைத்திருப்பது வருடக்கணக்கான வேலை. அதற்கு மதிலுக்குள் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு வற்றாமல் வரும் வரி வேண்டும். அந்த வரியை வசூலிக்கப் பிரெஞ்சு அரசு கற்றுக்கொண்டதுதான் முடிவைத் தீர்மானித்தது என்பது என் கருத்து. அந்தப் பழக்கத்தை பிரான்ஸுக்கு உண்டாக்கியதே ஆங்கிலேயரின் மிகப் பெரிய வெற்றிதான். இந்தப் போரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பூட்டும் இடம் அது. அதற்கு வருகிறேன். முதலில் சண்டை எதற்காக வந்தது என்று பார்த்துவிடலாம்.

1337இல் தொடங்கி 1453 வரை, மொத்தம் 116 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் சண்டை நடக்கவில்லை. நடுவில் நீண்ட போர்நிறுத்தங்கள் உண்டு. 'நூறாண்டுப் போர்' என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர்கள் வைத்தது. அந்தக் காலத்து மனிதருக்கு அது தாத்தா காலத்திலும் நடந்த, தன் காலத்திலும் நடக்கிற ராஜாக்களின் சண்டை, அவ்வளவுதான்.

வேர் இன்னும் பழையது. 1066இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அன்றிலிருந்து இங்கிலாந்து ராஜா என்பவர் பிரான்ஸிலும் நிலம் உள்ளவர். 1152இல் அக்கித்தேன் நாட்டின் வாரிசான எலினார், பின்னாளில் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி ஆன இளைஞரை மணந்தார். தென்மேற்கு பிரான்ஸில் பெரும் பகுதி அந்தக் கல்யாணத்தின் வழியாக இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. 1204இல் நார்மண்டி கைவிட்டுப் போனது. மிஞ்சியது தென்மேற்கில் போர்தோ நகரத்தைச் சுற்றிய காஸ்கனி. 1259இல் பாரிஸில் ஓர் உடன்படிக்கை ஆனது. காஸ்கனியை இங்கிலாந்து ராஜா வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்காக அவர் பிரெஞ்சு ராஜாவின் முன் மண்டியிட்டு, அவருடைய சிற்றரசராக உறுதிமொழி எடுக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில்தான் விஷம் இருந்தது. லண்டனில் யாருக்கும் தலைவணங்கத் தேவையில்லாத ராஜா, போர்தோவுக்கு இன்னொரு ராஜாவின் கீழ் ஒரு சிற்றரசர். போர்தோவில் அவருடைய அதிகாரிகள் கொடுத்த தீர்ப்பு பிடிக்காவிட்டால், வழக்காடியவர் நேரே பாரிஸ் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். பிரெஞ்சு ராஜாவுக்குக் கோபம் வந்தால், 'சிற்றரசர் கடமையில் தவறிவிட்டார்' என்று சொல்லி நிலத்தைப் பறிக்கலாம். பறிக்கவும் செய்தார்கள், 1337க்கு முன்பே இரண்டு முறை. அது விட்டுக்கொடுக்கக்கூடிய நிலமும் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்ல விளைச்சல் உள்ள ஆண்டுகளில் ஒரு லட்சம் பெரிய பீப்பாய் திராட்சை மது அங்கிருந்து கப்பலேறியது. இங்கிலாந்து ராஜாவின் வருமானத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

இதோடு வாரிசுத் தகராறும் சேர்ந்துகொண்டது. பிரெஞ்சு ராஜா நான்காம் பிலிப் 1314இல் இறந்தார். அவருடைய மூன்று மகன்களும் ஒருவர் பின் ஒருவராக அரியணை ஏறி, பிழைத்து நின்ற ஆண் வாரிசு இல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். கடைசி மகன் நான்காம் சார்லஸ் இறந்தது 1328இல். நான்காம் பிலிப்பின் மகள் இசபெல்லாவின் பிள்ளைதான் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு. அதாவது இறந்த ராஜாவுக்கு அக்கா தங்கை வழியில் மருமகன். பிரெஞ்சுப் பிரபுக்கள் பெண் வழி உரிமையை ஏற்கவில்லை. நான்காம் பிலிப்பின் தம்பி மகனான வலுவா குடும்பத்து ஆறாம் பிலிப்பை ராஜாவாக்கினார்கள். 'சாலிக் சட்டம்' என்று ஒரு பழைய சட்டத்தைக் காட்டுவார்களே, அதைத் தேடி எடுத்து வாதமாக்கியது பின்னாளில்தான். 1328இல் ஓடிய எண்ணம் எளிமையானது: 15 வயதுப் பையன், அதுவும் இங்கிலாந்து ராஜா, நமக்கு வேண்டாம்.

எட்வர்டும் அப்போது பெரிதாகச் சண்டை போடவில்லை. 1329இல் அமியான் நகரத் தேவாலயத்தில் பிலிப்பின் முன் காஸ்கனிக்காக உறுதிமொழியே எடுத்தார். ஸ்காட்லாந்து விவகாரத்தில் பிலிப் மூக்கை நுழைத்ததும் உறவு கெட்டது. 1337 மே மாதம் பிலிப் காஸ்கனியைப் பறிமுதல் செய்தார். 1340 ஜனவரியில் எட்வர்டு பிளாண்டர்ஸின் கென்ட் நகரத்தில் வைத்து 'பிரான்ஸின் ராஜா நான்தான்' என்று அறிவித்தார். அப்படி அறிவித்ததில் ஒரு கணக்கு இருந்தது. பிலிப்பின் சிற்றரசராக இருந்துகொண்டு அவரை எதிர்த்தால் அது கலகம். தானே ராஜா என்று சொல்லிவிட்டால் பிலிப்தான் கலகக்காரர். பிளாண்டர்ஸின் நெசவு நகரங்களுக்கும் இது வசதி. இங்கிலாந்துக் கம்பளி இல்லாமல் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. பிரெஞ்சு ராஜாவை எதிர்க்கவும் தயக்கம். 'உண்மையான பிரெஞ்சு ராஜா எட்வர்டுதான்' என்று சொல்லிக்கொண்டால் இரண்டும் தீர்ந்தது.

(ஒரு துணைச் செய்தி. இந்தப் பட்டத்தை இங்கிலாந்து அரசர்கள் நடுவில் சில ஆண்டுகள் தவிர 1801 வரை விடவே இல்லை. 1760இல் நம் வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோதும் லண்டனில் இருந்த ராஜாவின் பட்டங்களில் 'பிரான்ஸின் ராஜா' என்பதும் ஒன்று.)

இனி சண்டைகளுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஜெயித்ததற்குக் காரணமாக நெடுவில்லைச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் வில் மட்டும் இல்லை. அந்த வில்லை வளைக்க 100 பவுண்டுக்கு மேல் இழுவிசை தேவைப்பட்டது. சிறு வயதிலிருந்து பழகினால்தான் முடியும். 1363இல் எட்வர்டு, விடுமுறை நாட்களில் ஆண்கள் வேறு விளையாட்டுகளை விட்டுவிட்டு வில் பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். பயின்ற ஆள் நிமிடத்துக்குப் பத்து அம்பு விடுவார்; எதிரியின் குறுக்குவில் ஒரு முறை பூட்டி முடிப்பதற்குள் பல அம்புகள் வந்து விழும். படை திரட்டிய முறையும் முக்கியம். ஆங்கிலப் படை பெரும்பாலும் ஒப்பந்தப் படை. தலைவர் இத்தனை ஆட்களோடு இத்தனை மாதம் வர வேண்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம், நாள் சம்பளம், கொள்ளையில் பங்கு எல்லாம் பேசி முடித்த படை. ஆள் குறைவு, கட்டுப்பாடு அதிகம்.

1346 ஆகஸ்ட் 26இல் கிரெசி. சாய்வான மேட்டின் மேல் ஆங்கிலேயர் காத்து நின்றார்கள். பிரெஞ்சுத் தரப்பில் ஜெனோவா நாட்டுக் குறுக்குவில் வீரர்கள் முன்னால் போனார்கள். அவர்களுடைய பெரிய கேடயங்கள் பின்னால் சாமான் வண்டிகளில் இருந்தன. அவர்கள் அம்பு மழையில் பின்வாங்க, பின்னால் இருந்த பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் அவர்களையே மிதித்துக்கொண்டு முன்னேறினார்கள். பார்வையிழந்த பொஹிமியா ராஜா ஜான், தன் குதிரையை மற்றவர்களின் குதிரைகளோடு கட்டச் சொல்லிக் களத்துக்குள் போய் மாண்டார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அடுத்து கலே துறைமுகத்தை எட்வர்டு பதினோரு மாதம் முற்றுகையிட்டு 1347இல் பிடித்தார். பதினோரு மாதம் என்பதைக் கவனியுங்கள். கிரெசி ஒரு மாலையில் முடிந்தது; ஒரே ஒரு ஊரைப் பிடிக்க ஒரு வருடம் ஆனது. ஆனால் 1558 வரை ஆங்கிலேயர் கையில் நின்றது அந்த ஊர்தான்.

பெரிய சண்டைகள் அபூர்வம். மற்ற நாட்களில் ஆங்கிலேயர் செய்தது சூறையாடல். சில ஆயிரம் குதிரைவீரர்கள் ஒரு கோட்டையிலிருந்து கிளம்புவார்கள். பல மைல் அகலத்துக்குப் பரவி, வழியில் இருக்கும் கிராமம், ஆலை, களஞ்சியம், திராட்சைத் தோட்டம் எல்லாவற்றையும் எரித்துக்கொண்டே போவார்கள். மதில் உள்ள நகரத்தை விட்டுவிட்டு, மதில் இல்லாதவனை அடிப்பார்கள். 1355இல் எட்வர்டின் மகன், கறுப்பு இளவரசர் என்று பின்னாளில் பெயர் பெற்றவர், போர்தோவிலிருந்து நார்போன் வரை, அதாவது அட்லாண்டிக் பக்கத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை போய் இப்படித்தான் எரித்துவிட்டு வந்தார். எதிரியின் வரி வருமானத்தை அழிப்பது, 'உன் ராஜாவால் உன்னைக் காப்பாற்ற முடியாது' என்று குடிகளுக்குக் காட்டுவது, இந்த இரண்டும்தான் நோக்கம். இந்தப் போரை வீரக்கதையாக மட்டும் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இங்கேதான். நூறு ஆண்டுகளில் மிகப் பெரும்பாலான நாட்கள் நடந்தது, விதைநெல்லைப் பறிகொடுத்த கிராமத்தான் காட்டுக்குள் ஓடி ஒளிந்த கதை. சம்பளம் நின்றுபோன படைகள் போர்நிறுத்தக் காலத்திலும் கலையாமல், கூட்டமாகத் திரிந்து ஊர்களிடம் கப்பம் வாங்கின. போர் நின்றாலும் கொள்ளை நிற்கவில்லை. நடுவில் 1348இல் கொள்ளைநோய் வேறு வந்தது.

இப்படி ஒரு சூறையாடலின் நடுவில்தான் 1356 செப்டம்பர் 19இல் புவாத்தியே சண்டை நடந்தது. பிரெஞ்சு ராஜா இரண்டாம் ஜான் தன் இளைய மகன் பிலிப்போடு சிறைபிடிக்கப்பட்டார். ஒரு நாட்டின் ராஜாவே எதிரி கையில்! பாரிஸில் வணிகர் தலைவர் எத்தியேன் மார்செல் கலகம் செய்தார். 1358இல் வடக்கே விவசாயிகள் பிரபுக்களுக்கு எதிராக எழுந்து, கொடூரமாக அடக்கப்பட்டார்கள். 1360இல் பிரெத்தீனி உடன்படிக்கை. ராஜாவை விடுவிக்க 30 லட்சம் பொன் நாணயம். அதோடு விரிந்த அக்கித்தேன் முழுவதும் எட்வர்டுக்கு, யாருக்கும் மண்டியிடத் தேவையில்லாமல். பதிலுக்கு எட்வர்டு பிரெஞ்சு அரியணை உரிமையைக் கைவிட வேண்டும்.

முன்பு சொன்ன இடம் இதுதான். 30 லட்சம் பொன்னுக்கு எங்கே போவது? பழைய வழக்கப்படி ஒரு சிற்றரசர், தன் தலைவர் சிறைபிடிக்கப்பட்டால் மீட்புப் பணத்துக்குப் பங்கு தர வேண்டும். அது மறுக்க முடியாத கடமை. அதைப் பிடித்துக்கொண்டு 1360 டிசம்பரில் பிரெஞ்சு அரசு நாடு முழுக்க உப்புக்கு வரி, மதுவுக்கு வரி, விற்கும் சரக்குக்கு வரி என்று போட்டது. அதற்கு முன் வரி என்பது போர் வந்தால் கேட்டு வாங்குவது, சண்டை நின்றால் நின்றுவிடுவது. இப்போது ஆண்டுதோறும் வசூல், அதற்கென்று அதிகாரிகள், கணக்கு. 'பிராங்க்' என்ற நாணயமும் அந்த மாதம் பிறந்ததுதான். மீட்புத்தொகை முழுவதும் கட்டி முடிக்கப்படவே இல்லை. பிணையாக இருந்த தன் மகன் ஒருவர் தப்பி ஓடியதும் ஜான் தாமே லண்டன் திரும்பி, 1364இல் அங்கேயே இறந்தார். வரி மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த வரியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் அவருடைய மூத்த மகன் ஐந்தாம் சார்லஸ். உடல்நலம் இல்லாதவர், புத்தகப் பிரியர், படைக்கு முன்னால் நின்று வாள் சுழற்றியவர் இல்லை. எனக்கு இந்தப் போரில் மிகவும் மதிப்பு இவர் மேல்தான். பெரிய சண்டைக்கு இறங்கக் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்தார். 1370இல் படைத்தலைமையை பெர்த்ரான் து கெஸ்கிளானிடம் கொடுத்தார். அவர் பிரிட்டனி நாட்டின் சிறு பிரபு. பதுங்கிப் பாய்வதிலும் கோட்டை பிடிப்பதிலும் கைதேர்ந்தவர். ஆங்கிலேயர் வந்தால் எல்லோரும் மதிலுக்குள் போய்விட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், வெளியே தீவனம் இருக்கக் கூடாது, பின்னாலேயே போய்த் தனியாக மாட்டுபவனை அடிக்க வேண்டும். 1373இல் எட்வர்டின் இன்னொரு மகன் ஜான் ஆஃப் காண்ட் பெரும் படையோடு கலேயிலிருந்து போர்தோ வரை பிரான்ஸைக் குறுக்கே கடந்தார். எதிர்த்து நிற்க யாருமே வரவில்லை. மழையும் பசியும் பார்த்துக்கொண்டன. குதிரைகள் செத்து விழ, கவசத்தோடு புறப்பட்டவர்கள் பலர் கால்நடையாக வந்து சேர்ந்தார்கள்.

நிலத்தைத் திரும்ப வாங்கியதும் சட்டத்தின் வழியாகத்தான். கறுப்பு இளவரசர் அக்கித்தேனில் வீட்டுக்கு வீடு அடுப்பு வரி போட்டார். காஸ்கனிப் பிரபுக்கள் பாரிஸுக்கு முறையிட்டார்கள். பிரெத்தீனியில் பேசியபடி இரண்டு ராஜாக்களும் உரிமை துறக்கும் பத்திரங்களை மாற்றிக்கொள்ளவே இல்லை. அதனால் மேல்முறையீடு கேட்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறது என்று சார்லஸ் அதை ஏற்றார்; 1369இல் போர் மறுபடி தொடங்கியது. சார்லஸ் 1380இல் இறக்கும்போது ஆங்கிலேயரிடம் கலே, போர்தோ, பயோன் போன்ற சில கடற்கரை ஊர்களும் அவற்றை ஒட்டிய நிலமும்தான். கிரெசியிலும் புவாத்தியேயிலும் வென்றதெல்லாம் பெரிய சண்டை ஒன்றுகூட இல்லாமல் கரைந்துபோனது.

இங்கிலாந்தில் வரி எப்படி இருந்தது? ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும். 'போன தடவை கொடுத்தது என்ன ஆயிற்று' என்று அவர்கள் கணக்குக் கேட்பார்கள். மக்களுக்கு இது நல்லது. தொடர்ந்து ஒரு போரை நடத்த வேண்டிய ராஜாவுக்கு நெருக்கடி. 1377, 1379, 1380 என்று மூன்று தடவை தலைவரி போட்டதும் 1381இல் விவசாயிகள் லண்டனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள்.

சரி, இவ்வளவு மீண்ட பிரான்ஸ் பிறகு ஏன் மறுபடி அழிவின் விளிம்புக்குப் போனது? வீட்டுக்குள் வெட்டு. ஐந்தாம் சார்லஸின் மகன் ஆறாம் சார்லஸ் 1392இல், 23 வயதில், லெ மான் காட்டு வழியில் மூளை கலங்கித் தன் ஆட்களையே வாளால் வெட்டினார். அதன்பின் 30 ஆண்டுகள் தெளிவும் கலக்கமும் மாறி மாறி வந்தன. தன் உடல் கண்ணாடியால் ஆனது, யாராவது தொட்டால் உடைந்துவிடும் என்று நம்பிய நாட்களும் இருந்தன. ராஜா இருக்கிறார், ஆனால் ஆளவில்லை. வரிப் பெட்டி யார் கையில் என்று உறவினர்களுக்குள் போட்டி. புவாத்தியேயில் தந்தையோடு பிடிபட்ட சிறுவன் பிலிப் நினைவிருக்கிறதா? அவருக்குத் தந்தை பர்கண்டி என்ற பகுதியைக் கொடுத்திருந்தார். அந்தப் பிலிப்பின் மகன் ஜான், 1407 நவம்பரில் பாரிஸ் தெருவில் ராஜாவின் தம்பி ஓர்லியான் கோமகனை ஆள் வைத்துக் கொன்றார். நாடு பர்கண்டி கட்சி, ஓர்லியான் பக்கம் நின்ற அர்மாஞாக் கட்சி என்று இரண்டாகப் பிளந்தது.

அந்தப் பிளவுக்குள் நுழைந்தவர் இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றி. 1415 அக்டோபர் 25 அஜின்கோர்ட் சண்டையில், சேற்றில் சிக்கிய பிரெஞ்சுப் பிரபுக்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மாண்டார்கள். கைதிகளைக் கொல்ல ஹென்றி ஆணையிட்ட களமும் அதுதான். ஆனால் ஹென்றியை மற்ற ஆங்கில ராஜாக்களிடமிருந்து வேறுபடுத்துவது அஜின்கோர்ட் இல்லை. 1417இல் திரும்பி வந்து நார்மண்டியை ஊர் ஊராக முற்றுகையிட்டுப் பிடித்தாரே, அதுதான். ரூவான் நகரம் ஆறு மாதம் தாங்கியது. உணவு தீர்ந்ததும் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் நகரத்தார் வெளியே அனுப்பினார்கள். ஹென்றி அவர்களைத் தன் படையைக் கடந்து போக விடவில்லை. மதிலுக்கும் படைக்கும் நடுவில் இருந்த அகழியில், குளிர்காலத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். 1419 ஜனவரியில் நகரம் பணிந்தது. ஹென்றியைப் பற்றிப் புகழ்ந்து எதைப் படித்தாலும் எனக்கு அந்த அகழி கண்ணில் வந்து நிற்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில் சமாதானம் பேச மோந்தெரோ பாலத்துக்கு வந்த பர்கண்டி ஜானை, ஆறாம் சார்லஸின் மகனான பட்டத்து இளவரசர் சார்லஸின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். ஜானின் மகன் நேரே ஆங்கிலேயரோடு சேர்ந்தார். 1420 மே மாதம் த்ரோயே உடன்படிக்கை: ஆறாம் சார்லஸின் மகளை ஹென்றி மணந்துகொள்வார், மாமனார் இறந்ததும் பிரான்ஸின் ராஜா ஹென்றி, பெற்ற மகனுக்கு எதுவும் இல்லை. 1422 ஆகஸ்ட் 31இல் ஹென்றி 35 வயதில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். மாமனார் போனது அக்டோபர் 21இல். ஹென்றியின் சாவு எட்டு வாரம் பிந்தியிருந்தால் அவரே இரண்டு நாட்டுக்கும் ராஜா. இப்போது இரண்டு மகுடங்களும் அவருடைய மகன், ஒரு வயதுகூட ஆகாத கைக்குழந்தை ஆறாம் ஹென்றிக்கு. குழந்தைக்காகப் பிரான்ஸில் ஆண்ட சித்தப்பா பெட்போர்டு கோமகன் திறமைசாலி. ஆனால் த்ரோயே உடன்படிக்கை அவருக்கு ஒரு பொறி. பிரான்ஸ் முழுவதும் நம் ராஜாவுடையது என்று சொல்லியாகிவிட்டது. அப்படியானால் பாதியோடு நிறுத்தி சமாதானம் பேச முடியாது. மீதியைப் பிடிக்கவோ படை போதாது. லண்டன் நாடாளுமன்றமோ, 'பிரான்ஸின் போர்ச்செலவை பிரான்ஸே ஏற்கட்டும்' என்றது. பாரம் நார்மண்டி மக்களின் தலையில் விழுந்தது.

ஜோன் வந்தது இந்த நேரத்தில். லுவார் நதிக்கு வடக்கே பெரும்பகுதி ஆங்கிலேயரிடமும் பர்கண்டியிடமும் இருந்தது. 1428 அக்டோபரிலிருந்து ஓர்லியான் நகரம் முற்றுகையில் இருந்தது. முற்றுகையிட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான். நகரத்தை முழுவதும் சூழக்கூட ஆள் பற்றவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே இருந்த பிரெஞ்சுப் படைக்கும் நம்பிக்கை செத்திருந்தது. தோம்ரெமி கிராமத்து விவசாயி மகள், ஏறக்குறைய 17 வயது, ஏப்ரல் 29இல் நகரத்துக்குள் வந்தார். மே 8இல் முற்றுகை விலகியது. முந்தின நாள் சண்டையில் அம்பு தைத்தும் அவர் களத்துக்குத் திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். ஜூன் 18இல் பத்தே சண்டையில் ஆங்கில வில்லாளிகள் முளைக்கம்புகளை நட்டு நிலைகொள்வதற்கு முன்பே குதிரைப்படை பாய்ந்துவிட்டது.

ஜோன் செய்ததிலேயே பெரியது இவை எதுவும் இல்லை என்று நான் நினைக்கிறேன். இளவரசர் சார்லஸை எதிரிப் பிரதேசம் வழியாகவே அழைத்துப்போய், 1429 ஜூலை 17இல் ரைம்ஸ் தேவாலயத்தில் ஏழாம் சார்லஸாக முடிசூட வைத்தாரே, அதுதான். பிரெஞ்சு ராஜாக்களுக்கு அங்கே புனித எண்ணெய் பூசினால்தான் முழு ராஜா என்பது பழைய நம்பிக்கை. த்ரோயே பத்திரம் ஒரு பக்கம், ரைம்ஸ் எண்ணெய் ஒரு பக்கம் என்று ஆனபோது சாதாரண மக்களுக்கு எது பெரிதாகப் பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. ஆங்கிலேயர் 1431 டிசம்பரில் பாரிஸில் ஆறாம் ஹென்றிக்கு முடிசூட்டினார்கள், காலம் கடந்துவிட்டது.

ஜோனை 1430 மே மாதம் கொம்பியேன் அருகே பர்கண்டி வீரர்கள் பிடித்தார்கள். 10,000 லிவர் என்ற பிரெஞ்சுப் பணம் கொடுத்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். பொவே நகர ஆயர் பியேர் கொஷோன் தலைமையில் மதத் துரோக வழக்கு நடந்தது. 1431 மே 30இல் ரூவான் சந்தைத் திடலில் உயிரோடு எரித்தார்கள். அவரால் முடிசூடிய ராஜா அவரை மீட்கப் பணம் கொடுத்ததாகத் தெரியவில்லை. 1456இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று மறுவிசாரணை அறிவித்தது. 25 ஆண்டுகள் கழித்து.

பிறகு நடந்தவை மெதுவானவை, ஆனால் முடிவைக் கொண்டுவந்தவை. 1435 செப்டம்பரில் அராஸ் நகரில் பர்கண்டி, ஏழாம் சார்லஸோடு சமாதானம் ஆனது. அதற்கு ஒரு வாரம் முன்னால் பெட்போர்டு இறந்தார். அடுத்த வசந்தத்தில் பாரிஸ் சார்லஸுக்குக் கதவைத் திறந்தது. 1444இல் போர்நிறுத்தம். ஆங்கிலேயர் அந்த ஓய்வில் நார்மண்டிப் படையைக் குறைத்தார்கள். சார்லஸ் அதே ஓய்வில் 1445இல் சம்பளப் படை அமைத்தார். அதற்கான பணம் ஆண்டுதோறும் வரும் நிலவரியிலிருந்து. 15 பிரிவுகள், தலைவர்களை ராஜாவே நியமிப்பார், போர் இல்லாதபோதும் சம்பளம் வரும். கொள்ளையடித்துத் திரிந்த கூட்டங்களில் நல்லவர்களைப் படையில் சேர்த்து, மீதிப் பேரைக் கலைத்தார்கள். ராஜாவைத் தவிர யாரும் படை வைக்கக் கூடாது என்பது 1439இலேயே ஆணை. கிராமத்தானுக்கு வரி கனத்தது, ஆனால் கொள்ளையும் குறைந்தது. ஐந்தாம் சார்லஸ் தொடங்கிவைத்த வேலையை அவருடைய பேரன் முடித்தார் என்று எனக்குத் தோன்றும்.

பீரங்கிப் பொறுப்பை ஜான் பியூரோ, அவருடைய தம்பி காஸ்பார் என்ற இருவர் ஏற்றார்கள். ஜான் பிரபு வம்சம் இல்லை; கணக்கும் நிர்வாகமும் தெரிந்த பாரிஸ் அதிகாரி. பீரங்கி என்பது காசு. குண்டு, மருந்து, வண்டி, குதிரை, வார்ப்புத் தொழிலாளி எல்லாவற்றுக்கும் தடையில்லாமல் பணம் வர வேண்டும். வந்தது. 1449 கோடையில் போர் மறுபடி தொடங்கியது. 1450 ஆகஸ்டில் நார்மண்டி முழுவதும் போனது. ஐந்தாம் ஹென்றிக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்த நாடு ஒரே வருடத்தில். பல ஊர்கள் பீரங்கியைப் பார்த்ததுமே பணிந்தன. ரூவான் மக்கள் தாங்களே எழுந்து கதவைத் திறந்துவிட்டார்கள். 1450 ஏப்ரலில் ஃபோர்மிஞி சண்டையில் ஆங்கில வில்லாளிகளின் வரிசையே உடைந்தது.

கடைசியில் காஸ்கனி. இந்தப் பகுதியைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு வருத்தம். போர்தோ மக்களுக்கு ஆங்கிலேயர் அந்நியர் இல்லை. ஏறக்குறைய 300 ஆண்டுகளாக அவர்கள் ராஜா லண்டனில்தான் இருந்தார். மது போனது அங்கே, தானியம் வந்தது அங்கிருந்து. 1451இல் பிரெஞ்சுப் படை போர்தோவைப் பிடித்தபோது, ஊர் உரிமைகளில் கை வைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். புது வரிகள் வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் லண்டனுக்கு ரகசியமாகத் தூது அனுப்பினார்கள். 1452 அக்டோபரில் முதிய தளபதி ஜான் டால்பட் வந்து இறங்க, நகரம் அவருக்குக் கதவைத் திறந்தது. 1453 ஜூலை 17இல் காஸ்தியோன் அருகே ஜான் பியூரோவின் பாசறையை டால்பட் தாக்கினார். அங்கே எழுந்த தூசியைப் பார்த்து, எதிரி ஓடுகிறான் என்று யாரோ சொன்னார்கள். ஓடியவை சுமைக்குதிரைகள். அகழியும் மண்மேடும் போட்டு அதற்குப் பின்னால் பீரங்கிகள் வரிசையாகக் காத்திருந்தன. முன்பு கைதியாக இருந்து விடுதலையானபோது இனி பிரெஞ்சு ராஜாவுக்கு எதிராகக் கவசம் அணிய மாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, டால்பட் கவசமில்லாமல் குதிரையில் வந்தார். குதிரை விழுந்தது, அவர் அங்கேயே கொல்லப்பட்டார். கிரெசியில் மேட்டின் மேல் காத்திருந்தவர்கள் ஆங்கிலேயர். காஸ்தியோனில் காத்திருந்தது பிரெஞ்சுக்காரர்கள்.

அக்டோபர் 19இல் போர்தோ பணிந்தது. சமாதான உடன்படிக்கை எதுவும் எழுதப்படவில்லை. ஆறாம் ஹென்றி அந்தக் கோடையிலேயே, தாய்வழித் தாத்தா ஆறாம் சார்லஸைப் போல, மனம் கலங்கி விழுந்தார். இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்துப் பிரபுக்கள் ஒருவரை ஒருவர் வெட்டத் தொடங்கியதால் பிரான்ஸை நினைக்க யாருக்கும் நேரம் இல்லை.

போர்தோவில் ஏழாம் சார்லஸ் இரண்டு கோட்டைகள் கட்டச் சொன்னார். ஆற்றோரம் ஒன்று, நகரத்தின் மறுபக்கம் ஒன்று. கடல் வழியாக ஆங்கிலேயர் திரும்பி வராமல் தடுப்பது ஒரு வேலை. நகரத்து மக்களைக் கண்காணிப்பது இன்னொரு வேலை.